வீட்டில் கீபோர்ட் வாசிப்பவருக்கு எந்த மியூசிக் சாஃப்ட்வேர்? பலவற்றை ஓட்டிப் பார்த்த பிறகு என் தீர்ப்பு

இந்தக் கேள்வியை யாரிடம் கேட்டாலும் உடனே ஒரு பெயர் வந்து விழும். எஃப்எல் ஸ்டூடியோ எடு, ஏபிள்டன் எடு, லாஜிக் இல்லாமல் எதுவும் நடக்காது என்பார்கள். சொல்பவர் மவுஸால் பீட் கட்டுகிறவரா, பாடகரை ரெக்கார்ட் செய்கிறவரா, இல்லை நம்மைப்போல் இரண்டு கையாலும் உட்கார்ந்து வாசிக்கிறவரா என்று பார்க்காமல் அந்தப் பதிலை வாங்கிக்கொண்டால் பணம் போகும், அதைவிட மோசம் ஆசை போகும். நம் கதையே வேறு. நாம் ஏற்கெனவே வாசிக்கத் தெரிந்தவர்கள். நம் கை வாசித்ததை கெடுக்காமல், தாமதிக்காமல் வாங்கி வைத்துக்கொள்கிற சாஃப்ட்வேர்தான் நமக்கு வேண்டும். கீழே நான் சொல்லும் எல்லா விருப்பு வெறுப்பும் இந்த ஒரு அளவுகோலில் இருந்து வருவதுதான், அதனால் ஹிப்ஹாப் பீட் போடுகிறவர்கள் என் மீது கோபப்பட வேண்டாம்.

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இத்தோடு கிளம்பலாம். விண்டோஸ் என்றால் ரீப்பர், கூடவே இலவசமாகக் கிடைக்கும் நல்ல பியானோ, ஸ்ட்ரிங்ஸ் பிளகின்கள், அதாவது சாஃப்ட்வேருக்குள் தனியாகச் சேர்த்துக்கொள்ளும் இசைக்கருவிகள். மேக் அல்லது ஐபேட் என்றால் கராஜ்பேண்டில் ஆரம்பித்து, அது போதாமல் போகும் நாளில் லாஜிக் புரோ. ஸ்டைல் (தானாக ஓடும் பக்கவாத்தியம்) போட்டு இடது கையால் கார்ட் பிடிக்கும் அரேஞ்சர் கீபோர்ட் வைத்திருப்பவர்களும், வாசித்ததை நொட்டேஷனாகப் பார்க்க வேண்டும் என்பவர்களும் கியூபேஸைக் கண்டிப்பாக ஒருமுறை பார்க்க வேண்டும்.

சரி, ஏன் என்று பார்ப்போம்.

எந்த சாஃப்ட்வேர் என்பதற்கு முன்னால் லேட்டன்ஸி. கட்டையை அழுத்தியதற்கும் ஹெட்ஃபோனில் சத்தம் வருவதற்கும் நடுவே இருக்கும் அந்தத் தாமதம்தான் பாதிப்பேரை இந்தப் பக்கமே வராமல் விரட்டுகிறது. கணக்கு எளிது. 44,100 சாம்பிள் ரேட்டில் (நொடிக்கு அத்தனை ஒலித் துணுக்கு) பஃபரை, அதாவது ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் துணுக்குகளின் எண்ணிக்கையை, 1024 என்று வைத்தால் தாமதம் சுமார் 23 மில்லி செகண்ட், 512 என்றால் 11.6, 256 என்றால் 5.8, 128 என்றால் 3-க்கும் கொஞ்சம் கீழே. டிரைவர் தன் பங்குக்கு மேலே கொஞ்சம் சேர்க்கும். காற்றில் ஒலி ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லி செகண்ட் ஆகிறது, அப்படியானால் 256 என்பது ஸ்பீக்கரை இரண்டு மீட்டர் தள்ளி வைத்து வாசிப்பது மாதிரிதான், யாருக்கும் தொந்தரவு இருக்காது. 1024-இல் வேகமான ஒரு ரன் வாசித்துப் பாருங்கள், விரல் ஒரு பக்கம் ஓடும், சத்தம் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும். மெதுவான ஸ்ட்ரிங்ஸ் பேடில் இது தெரியாது, பியானோவில் பளிச்சென்று தெரியும்.

மேக்கில் இதற்கு எதுவும் செய்ய வேண்டாம், கோர் ஆடியோ பார்த்துக்கொள்ளும். விண்டோஸில் ஏஸியோ டிரைவர் வேண்டும், ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கம்ப்யூட்டருக்கு உள்ளேயும் வெளியேயும் கொண்டுபோகும் பெட்டி) வாங்கினால் அதனோடு வரும், வாங்காதவர்கள் ஏஸியோ4ஆல் என்ற இலவச டிரைவரைப் போட்டு ஒப்பேற்றலாம். அப்புறம் தயவுசெய்து ப்ளூடூத் ஹெட்ஃபோனில் வாசிக்க முயற்சி செய்யாதீர்கள். எந்த சாஃப்ட்வேராலும் அந்தத் தாமதத்தைச் சரி செய்ய முடியாது, ஆனால் திட்டு மட்டும் சாஃப்ட்வேருக்குத்தான் விழும்.

இன்னொரு சின்ன விஷயம், இதைச் சொல்லாமல் போனால் முதல் நாளே குழம்புவீர்கள். கீபோர்டின் சொந்த சத்தமும் கம்ப்யூட்டரின் பியானோவும் ஒன்றாகக் கேட்டால் கீபோர்டின் மெனுவில் லோக்கல் கன்ட்ரோல் என்று இருக்கும், அதை ஆஃப் செய்யுங்கள். கட்டைகள் மிடி மட்டும், அதாவது எந்தக் கட்டையை எப்போது எவ்வளவு ஓங்கி அழுத்தினீர்கள் என்ற தகவலை மட்டும் அனுப்பும், உள்ளே இருக்கும் சவுண்ட் வாயை மூடிக்கொள்ளும். கம்ப்யூட்டரில் செருக வேண்டியது பின்பக்கம் சதுரமாக இருக்கும் யூஎஸ்பி ஓட்டை, பென்டிரைவ் செருகும் ஓட்டை இல்லை. பெரும்பாலான கீபோர்டுகளில் அந்த வயரில் மிடி மட்டும்தான் போகும், ஆடியோ போகாது. கீபோர்டின் சொந்த சவுண்டையே பாட்டில் வைக்க வேண்டுமானால் லைன் அவுட்டில் இருந்து இன்டர்ஃபேஸுக்குத் தனி வயர் இழுக்க வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ரெக்கார்ட் பட்டனை அழுத்தியதும் கை இறுகிப் போகாத ஆள் உண்டா? சும்மா தடவிக்கொண்டிருக்கும்போது வந்த அந்த அழகான நான்கு பார், சிவப்பு பட்டன் எரியும்போது மட்டும் வராது. இதற்கு மருந்து இருக்கிறது. ரெக்கார்ட் போடாதபோது வாசித்ததையும் சாஃப்ட்வேர் ஓரமாக ஞாபகம் வைத்துக்கொண்டு, கேட்டால் எடுத்துக் கொடுக்கும். கியூபேஸில் இதற்கு ரெட்ரோஸ்பெக்டிவ் ரெக்கார்ட் என்று பெயர். ஏபிள்டன் லைவில் கேப்சர் மிடி, 2018-இல் பத்தாம் பதிப்போடு வந்தது. லாஜிக்கிலும் உண்டு. எஃப்எல் ஸ்டூடியோவில் டூல்ஸ் மெனுவில் ஸ்கோர் லாக் என்று ஒளிந்துகொண்டிருக்கிறது, பல வருடம் எஃப்எல் ஓட்டுகிறவர்களுக்கே தெரிவதில்லை. ரீப்பரில் ஆக்‌ஷன் பட்டியலில் தேடிப் பிடித்து ஒரு கீ ஒதுக்கிக்கொள்ள வேண்டும். என்னைக் கேட்டால் வீட்டில் வாசிக்கிறவருக்கு ஆயிரம் சின்த் சவுண்டைவிட இந்த ஒரு வசதி பெரிது. எந்த சாஃப்ட்வேரை எடுத்தாலும் முதல் நாளே இது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து வையுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம் டெம்போ. கிளிக் இல்லாமல் இஷ்டத்துக்கு இழுத்தும் நிறுத்தியும் வாசித்ததை, பின்னால் தாளத்தில் உட்கார வைப்பது எல்லா சாஃப்ட்வேராலும் முடியாது. லாஜிக்கின் ஸ்மார்ட் டெம்போ இதில் கெட்டிக்காரன், வாசிப்பைக் கேட்டு டெம்போவை நம் கைக்குத் தகுந்த மாதிரி வளைத்துக்கொள்ளும். கியூபேஸிலும் டெம்போ கண்டுபிடிக்கும் கருவி இருக்கிறது. லைவில் காலி புராஜெக்டில் கேப்சர் அழுத்தினால் தோராயமாக ஒரு டெம்போவைப் பிடித்துக்கொள்ளும், சில சமயம் இரண்டு மடங்காகவோ பாதியாகவோ பிடிக்கும். ரீப்பரில் கையால் மார்க்கர் போட்டுத்தான் ஓட்ட வேண்டும், அலுப்பான வேலை. நீங்கள் கிளிக்கோடு வாசித்துப் பழகியவர் என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

அடுத்து குவாண்டைஸ். வாசித்ததை நேராக்கும் பொத்தான். இதை நூறு சதவீதம் அழுத்துகிறவர்கள் எதற்கு வாசிக்கிறார்கள், மவுஸாலேயே போட்டுவிடலாமே என்று எனக்குத் தோன்றும். பெரும்பாலான சாஃப்ட்வேரில் ஸ்ட்ரெங்த் என்றோ அதைப் போன்ற பெயரிலோ ஒரு அளவு உண்டு, 50, 60 வைத்தால் கோணல் குறையும், ஆள் வாசித்தது என்பதும் தெரியும். ஆனால் இங்கே ஒரு வம்பு இருக்கிறது. சஸ்டெய்ன் பெடல் என்பது மிடியில் 64-ஆம் எண் கன்ட்ரோலர், 0-இல் இருந்து 127 வரை போகும் ஒரு எண், அவ்வளவுதான். குவாண்டைஸ் அழுத்தினால் ஸ்வரங்கள் நகரும், பெடல் நகராது. சி மேஜரில் இருந்து எஃப்புக்கு மாறுகிறீர்கள் என்று வையுங்கள். வாசிக்கும்போது சரியான நேரத்தில் பெடலை விட்டு மிதித்திருப்பீர்கள். குவாண்டைஸ் அந்த எஃப் கார்டை இம்மியளவு முன்னால் தள்ளிவிட்டது, பெடல் தன் இடத்திலேயே நிற்கிறது. இப்போது பழைய சி இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே எஃப் மேலே வந்து விழும், அப்புறம் பெடல் விடும். முழுப் பாட்டும் இப்படி ஓடினால் சத்தம் ஈரத் துணி மாதிரி ஒட்டிக்கொண்டே கிடக்கும், பியானோ சவுண்டைக் குறை சொல்லி வேறு பிளகின் தேடப் போய்விடுவோம். கியூபேஸின் குவாண்டைஸ் பேனலில் கன்ட்ரோலர்களையும் சேர்த்து நகர்த்த ஒரு டிக் இருக்கிறது. அது இல்லாத இடத்தில், பெடல் போட்டு வாசித்த ட்ராக்கை மொத்தமாக குவாண்டைஸ் செய்யாமல் தப்பான ஸ்வரத்தை மட்டும் பிடித்துத் திருத்துவதே நல்லது.

இப்போது ரீப்பர். வின்ஆம்ப் ஞாபகம் இருக்கிறதா, அதை எழுதிய ஜஸ்டின் ஃப்ராங்கெல்தான் இதற்கும் மூலகர்த்தா. இன்ஸ்டாலர் அளவைப் பார்த்தால் டவுன்லோட் பாதியில் நின்றுவிட்டதோ என்று சந்தேகம் வரும், அவ்வளவு சின்னது. பழைய லேப்டாப்பிலும் சட்டென்று திறக்கும். இதை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: சாயங்காலம் அரை மணி நேரம்தான் கிடைக்கிறது என்று உட்காரும்போது, சாஃப்ட்வேர் திறக்கவும் அப்டேட் கேட்கவும் லைசென்ஸ் சரிபார்க்கவும் அதில் பாதி போய்விட்டால் அன்றைக்கு வாசிப்பே கிடையாது. அறுபது நாள் முழு வசதியோடு ஓட்டிப் பார்க்கலாம், அதற்குப் பிறகும் நின்றுவிடாது, திறக்கும்போது வாங்கச் சொல்லி ஒரு ஜன்னல் வரும். வீட்டு உபயோகத்துக்கான லைசென்ஸ் இந்தக் கூட்டத்தில் மிக மலிவானவற்றில் ஒன்று, பெரிய பதிப்பு இரண்டுக்குச் செல்லும். பயன்படுத்துகிறீர்கள் என்றால் வாங்கிவிடுங்கள், நியாயமான ஆட்கள்.

குறை? நிறைய. திறந்ததும் சாம்பல் நிறத்தில் வெறும் திரை, இங்கே என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லாது. புது ட்ராக் போட்டால் அதன் இன்புட் மைக்காக இருக்கும், கீபோர்டை அழுத்தினால் சத்தம் வராது, மிடிக்கு மாற்ற வேண்டும், மானிட்டர் ஆன் ஆகியிருக்க வேண்டும், ப்ரிஃபரன்ஸஸில் உங்கள் கீபோர்ட் இயக்கத்தில் இருக்க வேண்டும். இதற்கு ஒரு குறுக்கு வழி, ட்ராக் மெனுவில் புது ட்ராக்கில் விர்ச்சுவல் இன்ஸ்ட்ருமென்ட் சேர்க்கும் வரியைத் தேர்ந்தெடுத்தால் மிடி இன்புட்டெல்லாம் அதுவே அமைத்துக்கொள்ளும். ஒருமுறை பியானோ, பேஸ், ஸ்ட்ரிங்ஸ், ட்ரம்ஸ் என்று நான்கு ட்ராக் ஒழுங்காக அமைத்து டெம்ப்ளேட்டாகச் சேமித்துவிட்டால் அப்புறம் இந்தத் தலைவலி இல்லை. மெனுக்கள் அப்படியே காடு. ஆனால் தேடும் பெட்டி இருக்கிறது, எந்தச் செயலுக்கும் எந்தக் கீயையும் ஒதுக்கலாம், கீபோர்டின் மேல் மூலையில் இருக்கும் உபயோகமில்லாத கட்டையைக்கூட ரெக்கார்ட் பட்டனாக்கலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன், கை கட்டையை விட்டு மவுஸுக்குப் போகவே வேண்டியதில்லை.

பெரிய குறை சத்தம். ரீப்பரோடு வரும் சின்த், டெலிபோன் ரிங் மாதிரி ஒன்று. பியானோ கிடையாது, வயலின் கிடையாது. வெளியில் இருந்து கொண்டுவர வேண்டும், அதில் நல்ல சேதி, இலவசமாகவே தரமானது கிடைக்கிறது. சலமாண்டர் கிராண்ட் பியானோ என்று ஒன்று, யமஹா சி5 கிராண்டை 16 வெலாசிட்டி (கட்டையை அழுத்தும் வேகம்) அடுக்குகளில் பதிவு செய்தது, ஸ்ஃபோர்ஸாண்டோ என்ற இலவச பிளேயரில் போட்டு வாசிக்கலாம். ஸ்பிட்ஃபயர் லேப்ஸில் மென்மையான பியானோவும் ஸ்ட்ரிங்ஸும் உண்டு. பழைய யமஹா டிஎக்ஸ்7 சத்தம் பிடிக்கும் என்றால் டெக்ஸ்ட் (Dexed) என்ற பிளகின், அந்த 1983 சின்தை அப்படியே கம்ப்யூட்டரில் கொண்டுவந்திருக்கிறார்கள். சின்த் பக்கம் சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல் இரண்டும் போதும், வருடக்கணக்கில் நோண்டலாம். எச்சரிக்கை: பிளகின் சேர்ப்பது ஒரு போதை. ஹார்ட் டிஸ்க் நிறையும், பாட்டு ஒன்றும் முடியாது.

பியானோ பிளகின் போட்டதும் எல்லாமே மெதுவாகவும் மங்கலாகவும் கேட்டால் பிளகின் மேல் தப்பில்லை. சில கீபோர்டுகளில் எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் வெலாசிட்டி 100-ஐத் தாண்டாது, 127 வரை போனால்தான் அந்தப் பிரகாசமான சாம்பிள்கள் வெளியே வரும். வாசித்த ட்ராக்கைத் திறந்து எண்களைப் பாருங்கள். பிறகு பியானோவிலேயே வெலாசிட்டி கர்வ் என்று இருப்பதை உங்கள் கைக்குத் தகுந்தபடி வளைத்துக்கொள்ளுங்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. கராஜ்பேண்ட் இலவசம், கீபோர்டைச் செருகினால் அடுத்த நிமிடம் பியானோ சத்தம் வரும், அதுவும் நல்ல சத்தம். வாசித்ததை நொட்டேஷனாகவும் காட்டும். நடுவில் தாளம் மாற்ற முடியாது, மிக்ஸர் என்று தனித் திரை கிடையாது, மிடி ஃபைலாக நேரடியாக வெளியே எடுக்கவும் வழி இல்லை, இந்தக் கடைசிக் குறை நாளைக்கு வேறு சாஃப்ட்வேருக்கு மாற நினைக்கும்போது கடிக்கும். லாஜிக்குக்கு மட்டும் கதவு திறந்தே இருக்கிறது, கராஜ்பேண்ட் புராஜெக்டை அப்படியே திறந்துகொள்ளும். லாஜிக்கில் கூடவே வரும் எலக்ட்ரிக் பியானோ, ஆர்கன், ஸ்ட்ரிங்ஸ், ஆல்கமி சின்த் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் தனியாக எதுவும் வாங்கத் தோன்றாது. மேக்கில் ஒருமுறை பணம் கட்டினால் போதும், ஐபேட் பதிப்பு மட்டும் சந்தா. 2002-இல் ஆப்பிள் லாஜிக்கை உருவாக்கிய எமாஜிக் கம்பெனியை வாங்கியதோடு விண்டோஸ் பதிப்பு நின்றுவிட்டது, அதனால் லாஜிக்குக்காகவே மேக் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது அதிகம் என்று படுகிறது.

எஃப்எல் ஸ்டூடியோவின் பியானோ ரோலுக்கு (ஸ்வரங்களைக் கட்டங்களில் காட்டித் திருத்தும் திரை) ஈடு கிடையாது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஒருமுறை வாங்கினால் ஆயுள் முழுக்க அப்டேட் இலவசம் என்பதும் பெரும்பாலானவர்கள் தராத வாக்கு. ஆனால் அதன் மூளை பேட்டர்ன் பேட்டர்னாக யோசிக்கிறது, நாலு பார் கட்டு, அடுக்கு, திரும்பப் போடு. ஐந்து நிமிடம் ஒரே மூச்சில் வாசிக்கிறவருக்கு அது இயல்பாக இல்லை. நொட்டேஷனும் கிடையாது. அதன் ஆரம்ப நிலைப் பதிப்பில் பிளேலிஸ்டில் ஆடியோ ரெக்கார்ட் செய்ய முடியாது, பாடவும் ஆசை உண்டென்றால் மேல்பதிப்பு வேண்டும். ட்ரையலில் சேமிக்கலாம், ஆனால் சேமித்ததை வாங்கும்வரை மறுபடி திறக்க முடியாது. இது தெரியாமல் ட்ரையலில் முழுப் பாட்டு போட்டு உட்கார்ந்துவிடாதீர்கள்.

ஏபிள்டன் லைவ் மேடையில் லூப் ஓட்டுகிறவர்களுக்காகப் பிறந்தது, அந்த வேலையில் ராஜா. வீட்டில் பாட்டு வாசித்து அடுக்குபவருக்கு லூப்களைக் கட்டங்களில் அடுக்கி ஓட்டும் அதன் செஷன் வியூ அழகான உபரி.

கியூபேஸ்தான் என்னை யோசிக்க வைத்தது. 1989-இல் அடாரி கம்ப்யூட்டரில் மிடி சீக்வென்ஸராக ஆரம்பித்தது, அந்தப் பிறவிக் குணம் இன்றும் போகவில்லை, மிடி எடிட் செய்வதில் எல்லாமே கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. நாம் எல்லோரும் பயன்படுத்தும் விஎஸ்டி பிளகின் முறையே கியூபேஸின் கம்பெனியான ஸ்டெயின்பெர்க் 1996-இல் இதற்காகக் கொண்டுவந்ததுதான். அரேஞ்சர் கீபோர்ட் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு சௌகரியம்: ஸ்டைல் ஓட்டி வாசித்தால் ட்ரம்ஸ், பேஸ், கார்ட் என்று ஒவ்வொன்றும் தனித்தனி மிடி சேனலில் வந்து ஒரே ட்ராக்கில் குவியும், அதை ஒரே கட்டளையில் சேனல்வாரியாகப் பிரித்துவிடலாம். பிரித்த பிறகு ஸ்டைலின் பேஸை மட்டும் தூக்கிவிட்டு நாமே வாசித்துச் சேர்க்கலாம், ட்ரம்ஸை வேறு கிட்டில் போடலாம். ரீப்பரிலும் இது முடியும். எதில் செய்தாலும் ரெக்கார்ட் போடும் முன் கீபோர்டின் கிளாக்கை எக்ஸ்டர்னல் என்று வைத்து டெம்போவை சாஃப்ட்வேர் கையில் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்டைல் ஒரு பக்கமும் சாஃப்ட்வேரின் பார் பிரிப்பு ஒரு பக்கமும் மெல்ல விலகிப் போகும். கியூபேஸின் குறை, முழு வசதி மேல்பதிப்பில்தான், கீழ்ப்பதிப்புகளில் எது உண்டு எது இல்லை என்று ஒப்பிட்டுப் படிப்பதற்கே ஒரு பொழுது வேண்டும்.

மற்றவை ஓரிரு வரியில். கேக்வாக் 2017-இல் கைவிடப்பட்டு, பேண்ட்லேப் வாங்கி 2018-இல் இலவசமாக விட்டது, இப்போது சோனார் என்ற பெயரில் வருகிறது. விண்டோஸில் காசு செலவழிக்காமல் பெரிய சாஃப்ட்வேர் வேண்டுமானால் பார்க்கலாம், நொட்டேஷன் திரையும் உண்டு. புரோ டூல்ஸின் இலவசப் பதிப்பு எட்டு இன்ஸ்ட்ருமென்ட் ட்ராக்கோடு நிறுத்திக்கொள்ளும், ஆடியோ ரெக்கார்டிங்தான் அதன் சொந்த ஊர். எல்எம்எம்எஸ் இலவசம், லினக்ஸிலும் ஓடும், ஆனால் வாசிக்கிறவரைவிட கட்டுகிறவருக்கு ஏற்றது. நொட்டேஷன் மட்டுமே நோக்கம் என்றால் இது எதுவும் வேண்டாம், மியூஸ்ஸ்கோர் போதும்.

வாங்கும் முன் ஒரு வேலை. கீபோர்டோ இன்டர்ஃபேஸோ வந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடவில்லை என்றால் உள்ளே இருக்கும் துண்டுச் சீட்டுகளைப் பாருங்கள், கியூபேஸின் ஏஐ அல்லது எல்ஈ பதிப்புக்கோ லைவ் லைட்டுக்கோ டவுன்லோட் கோட் நம்பர் இருக்க வாய்ப்பு அதிகம். அதை வைத்து ஒரு முழுப் பாட்டை ஆரம்பத்தில் இருந்து எம்பி3 எடுப்பது வரை முடித்துப் பாருங்கள். நடுவில் எங்கே கை தடுக்கிற்று, ட்ராக் பற்றவில்லையா, நொட்டேஷன் இல்லையா, சத்தம் பிடிக்கவில்லையா என்பது அப்போது தெரிந்துவிடும், மேல்பதிப்பா ரீப்பரா என்ற முடிவை அதை வைத்து எடுக்கலாம். முடித்த பாட்டின் ஒவ்வொரு ட்ராக்கையும் வேவ் ஃபைலாகவும், முடிந்தால் மிடி ஃபைலாகவும் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். சாஃப்ட்வேரை மாற்றினாலும் அவை எதிலும் திறக்கும்.